புதுமைப்பித்தன்

தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமை புலவர் பலரைத் தமிழுக்குத் தந்தது. அவர்தம் வரிசையில் உரைநடையால் பெயர் பெற்றவர் புதுமைப்பித்தன். இவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தாராகப் பணியாற்றியவர். ஆதலின் இவர் 1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரில் பிறக்க நேர்ந்தது. இளமையிலேயே அன்னையை இழந்தார். தந்தையார் ஓய்வு பெற்றதும் குடும்பம் நெல்லைக்கு மீண்டது. அங்கு இந்துக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றபின், எழுத்தையே பிழைப்பாகக் கொண்டு சென்னை சென்றார். ‘மணிக்கொடி’ இதழ் இவரை நாடறியச் செய்தது. வறுமையோ இவரை விட்டு நீங்கவில்லை.

முன்னோர் சொல்லிய கதை என்பதற்காக அதன் குறையைப் பொறுத்துக்கொள்பவர் அல்லர் இவர். 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’ இதற்குச் சான்றாகும். இராமன் அடிபட்டுக் கல்லுருவம் நீங்கிய அகலிகை, அவனே சீதையைத் தீப்புகச் செய்தான் என்று சீதை வாயிலாகவே கேட்கிறாள். கேட்டு மீண்டும் கல்லாகிறாள். பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதியா என்னும் வினாவைக் காப்பியத் தலைவன் முன்னேயே நிறுத்திவிட்டார் ஆசிரியர்.

அயல்நாட்டுக் கொடுமையையும் இவர் கண்டும் காணாதிருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் முசோலினியின் வரலாற்றைப் ‘பேசிஸ்ட் ஜடாமுனி’ என்னும் நூலாக்கினார். 1935இல் எத்தியோப்பியாவின்மேல் படையெடுத்து, நச்சுப்புகையால் எளிய மக்களை மாய்த்த ஆட்சிக்குத் தலைவன் அம் முசோலினி.

இனி, ‘துன்பக்கேணி’ என்னும் கதையைக் குறித்துச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். திருநெல்வேலிச் சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று சீரழிந்த மருதி என்னும் ஏழைப் பெண்ணின் கதை அது. தோட்டத் துரைமாரின் கொடுமையை அக்காலத்தில் அத்துணைத் துணிவோடு எழுதியவர் மிகச் சிலரே. ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்குமிடத்து அதில் வரும் சாதிப்பெயர்களும் வருணனைகளும் அம்மக்களின் நெஞ்சைப் புண்படுத்துவன. 2014ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இக்கதையையும் ‘பொன்னகரம்’ என்னும் கதையையும் பாடத்தினின்று நீக்கியது. நீக்கியது தகும் என்றாரும் உளர். தகாது என்றாரும் உளர்.

ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துப் பள்ளியொன்றில் இப்பாடம் எழுதுவோன் இக்கதையை வகுப்பில் படித்தபோது, மாணவியொருத்தி எழுந்து, அச்சொல் கதைமாந்தருடையதா, ஆசிரியருடையதா என்று வினவினாள். அக்கால வழக்கு என்று விடையிறுத்து அவளை அமரச் செய்தோம். அவ்விடை போதாது. சில இடங்களில் அது மாந்தர் பேச்சு. சில இடங்களில் ஆசிரியரின் கூற்றே. இராமனையும் விடாது வினவியவரை நாமும் வினவுதல் அவருக்கு இழுக்காகாது. பெருமை கருதி மறைத்தல் பழுது. ஒரு சொல் கருதி மருதியின் துயரையே மறைப்பதும் பழுது.

புதுமைப்பித்தன் பின்னர்த் திரைப்படத்துறையிற் புகுந்து, காசநோயுற்று, 1948ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் காலமானார். அப்பொழுது அகவை நாற்பத்திரண்டே. 2002இல் தமிழக அரசு இவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. ‘துன்பக்கேணி’ இன்றும் அச்சாகின்றது. அச்சொற்களும் அதில் அவ்வாறே உள்ளன.