வட்டமாக நடந்த தாய்

தளபதிகளையும் தலைவர்களையும் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். நான் எழுத விரும்புவது ஓர் இல்லத்தரசியைப் பற்றி. அவர் பெயர் அசுசேனா வில்லாஃப்ளோர்.

ஆர்ஜென்டீனாவின் தலைநகருக்கு அருகே, அவெல்லனேடா என்ற தொழிலாளர் நகரில் 1924ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பதினாறு வயதில் வீட்டுச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரை மணந்து நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். அதன் பின் அவரது உலகம் வீடும் பிள்ளைகளுமே.

1976 மார்ச் 24இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மாணவர்களும் தொழிலாளர்களும் கடத்தப்பட்டனர். கைதுசெய்ததாகப் பதிவும் இல்லை, இறந்ததாகச் செய்தியும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் 30,000 பேர் என மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. அவ்வாண்டு நவம்பர் 30இல் அசுசேனாவின் மகன் நெஸ்டரும் அவரது துணைவியும் கொண்டுசெல்லப்பட்டனர்.

மகனைத் தேடி அசுசேனா ஏறாத படியில்லை. போன இடமெல்லாம் அதே கண்ணீரோடு வேறு தாய்மாரும் நின்றார்கள். தனித்தனியே கெஞ்சிப் பயனில்லை, ஜனாதிபதி மாளிகைக்கு முன்னாலுள்ள மே சதுக்கத்துக்கு எல்லோருமாகப் போவோம் என்று அவர் அழைத்தார். 1977 ஏப்ரல் 30இல் 14 பெண்கள் அங்கே கூடினார்கள்.

கூட்டமாக நிற்பது அன்று தடை. நிற்காமல் நடக்கும்படி பொலிஸார் விரட்டினார்கள். தாய்மாரும் அப்படியே நடந்தார்கள். இருவர் இருவராகக் கைகோர்த்து, சதுக்கத்தைச் சுற்றியே நடந்தார்கள்! பின்னர் வியாழக்கிழமை தோறும் வந்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் காண, கைக்குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டினார்கள். தினமும் வெள்ளைப் பர்தாவோடு கல்லூரிக்கு வரும் எனக்கு, இதை வாசித்தபோது நெஞ்சு கனத்தது.

அல்பிரெடோ அஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரி, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் சகோதரன் போல நடித்து அவர்களிடையே நுழைந்தான். அசுசேனா அவனிடமும் பரிவு காட்டினார். 1977 டிசெம்பர் 10, மனித உரிமைகள் தினம். காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களோடு தாய்மாரின் விளம்பரம் பத்திரிகையில் வந்த நாளும் அதுவே. அந்தப் பத்திரிகையை வாங்கப் போன அசுசேனாவை வீட்டருகே வைத்துக் கடத்தினார்கள். கடற்படைப் பாடசாலை ஒன்றில் அடைத்துவைத்து, பின் விமானத்திலிருந்து கடலில் வீசினார்கள்.

கடல் மறைத்துவிடும் என்று எண்ணினார்கள். கடலோ உடலைக் கரைசேர்த்தது. பெயரின்றிப் புதைக்கப்பட்ட அவரது எலும்புகளை 2005இல் நிபுணர்கள் அடையாளம் கண்டார்கள். 2011இல் அஸ்டிஸுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அசுசேனாவிடம் பட்டமோ பதவியோ இருக்கவில்லை. தன் மகனைத் தேடப் போனவர், பக்கத்தில் நின்றவளின் மகனையும் சேர்த்துத் தேடினார். அதைத்தான் ஆயுதம் ஏந்தியவர்களால் பொறுக்க முடியவில்லை. அவர் கடத்தப்பட்ட பின்னும் தாய்மார் நடையை நிறுத்தவில்லை. அவரது சாம்பல் இன்று அந்தச் சதுக்கத்திலேயே இருக்கிறது. வியாழக்கிழமைகளில் வெள்ளைத் துணி அணிந்த தாய்மார் அதைச் சுற்றித்தான் நடக்கிறார்கள்.