நாட்கணக்குப் பார்த்த வைத்தியர்

டென்மார்க் நாட்டுப் பேரறிஞராகிய பீற்றர் லுட்விக் பானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்றொழிலியற் பேராசிரியராக விளங்கியவர். கொப்பன்ஹேகன் சர்வகலாசாலையின் வைத்தியபீடக் கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் பானும் என்றதும் என் மனக்கண்முன் தோன்றுபவர் அந்தப் பேராசிரியர் அல்லர். வைத்தியப் பட்டம் பெற்ற அடுத்த ஆண்டிலேயே வடகடலின் தீவுக்கூட்டம் ஒன்றிற் படகேறி, ஊரூராய்ச் சென்று, உனக்கு எந்த நாளில் நோய் கண்டது என்று செம்படவரையும் கிழவிகளையும் கேட்டுத் திரிந்த இருபத்தைந்து வயது இளைஞரே தோன்றுகின்றார். ஆராய்ச்சி மாணவர் பலர் கருவிகளில்லையே, நூல்களில்லையே என்று ஏங்கும்போதெல்லாம் அவர் கதையைச் சொல்ல வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாவதுண்டு.

பானும் 1820ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் போர்ன்ஹோம் என்னும் தீவிலே பிறந்தார். 1845இல் கொப்பன்ஹேகனில் வைத்தியராய்த் தேறினார். மறு ஆண்டு, ஸ்கொட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே கிடக்கும் பாரோத் தீவுகளிற் சின்னமுத்து நோய் பரவிவிட்டது என்ற செய்தி தலைநகருக்கு எட்டியது. அத்தீவுகள் டென்மார்க் அரசின் ஆட்சிக்குட்பட்டவை. அரசு இரண்டு இளம் வைத்தியரை அனுப்பியது. ஒருவர் மனிக்கஸ், மற்றவர் பானும்.

நோய் வந்த வழியை முதலிற் சொல்லிவிடுகின்றேன். மார்ச் மாதம் 20ஆம் திகதி கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பலேறினார். புறப்படுமுன் அங்கே சின்னமுத்துக் கண்டவர்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். 28ஆம் திகதி தோர்ஷவ்ன் துறையில் நலமாகவே இறங்கினார். ஏப்பிரில் தொடக்கத்தில் அவர் உடலிற் சின்னமுத்துத் தோன்றியது. பின்னர் அவருடைய நெருங்கிய நண்பர் இருவர் படுத்தனர். அவ்வளவுதான். சில மாதங்களுக்குள் 7,782 பேர் வாழ்ந்த தீவுகளில் ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர். குழந்தை, குமரர், நரைத்தலையர் என்ற பேதம் நோய்க்கு இருக்கவில்லை. 1781ஆம் ஆண்டுக்குப் பின் அறுபத்தைந்து ஆண்டுகளாக அந்நோய் அங்கே எட்டிப் பார்த்ததில்லை என்பதே காரணம். வணிகம் அரசின் தனியுரிமையாய் இருந்தமையால் வெளியூர்க் கப்பல்கள் அத்துறைகளுக்கு அரிதாகவே வந்தன.

அந்நாளில் வைத்திய உலகம் இரு கட்சியாய்ப் பிரிந்திருந்தது. நோய்கள் கெட்ட காற்றிலும் மண்ணின் ஆவியிலும் தாமாகவே எழுகின்றன என்பார் ஒரு சாரார். ஒருவரிடமிருந்து மற்றொருவரைத் தொற்றுகின்றன என்பார் மறு சாரார். கிருமியை எவரும் கண்டிராத காலம். சனநெருக்கடியான நகரத்திலே இவ்வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்? தெருவிலும் சந்தையிலும் ஒரு நாளில் நூறு பேரைச் சந்திப்பவன், எவரிடமிருந்து நோயைப் பெற்றான் என்று யார் சொல்ல வல்லார்? பாரோவிலோ மலையும் கடலும் ஊருக்கு ஊர் வேலி இட்டிருந்தன. ஒரு கிராமத்துக்கு எப்போது படகு வந்தது, அதில் யார் வந்தார் என்பதை ஊரே நினைவில் வைத்திருந்தது. அந்த நினைவுதான் பானுமின் ஆய்வுகூடம்.

தியோர்னுவிக் என்ற சிற்றூரின் கதையை எடுத்துக்கொள்வோம். ஜூன் 4ஆம் திகதி அவ்வூரார் பத்துப் பேர் ஒரு படகில் வெஸ்ற்மன்னா என்னும் துறைக்குத் திமிங்கில வேட்டைக்குச் சென்றனர். திமிங்கிலக் கூட்டத்தைக் குடாவுக்குள் விரட்டிப் பிடிப்பது அத்தீவாரின் பழைய வழக்கம். பல ஊரார் கூடும் வேலை அது. வேட்டை முடிந்து பதின்மரும் ஊர் திரும்பினர். ஜூன் 18ஆம் திகதி அப்பதின்மர் உடலிலும் ஒருங்கே சின்னமுத்து எழுந்தது. ஊரிற் பிறருக்கு அன்று ஒன்றுமில்லை. பின்னர், பன்னிரண்டு முதற் பதினாறு நாட்கள் கழிய, ஏனையோரிற் பெரும்பாலோர் படுக்கையில் வீழ்ந்தனர்.

இதனை முதன்முதலில் வாசித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். கெட்ட காற்றுக்கு இந்தப் பதின்மரை மட்டும் பொறுக்கியெடுக்கத் தெரியுமா? பானும் ஒரூரின் கதையோடு நிறுத்தினாரல்லர். 52 ஊர்களிற் திகதிகளைத் திரட்டி ஒப்பு நோக்கினார். நோயாளியோடு கலந்த நாளிலிருந்து தடிப்புத் தோன்றும் நாள்வரை பதின்மூன்று அல்லது பதினான்கு நாட்கள் என்ற கணக்கு மீண்டும் மீண்டும் வந்தது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாடநூல்கள் அக்கணக்கை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கின்றன.

இரண்டாவது முடிவை அவருக்குத் தந்தவர்கள் முதியோர். 1781இல் இளமையிலே சின்னமுத்துக் கண்டு தப்பியவர்களைத் தேடிச் சென்றார். 98 பேரைக் கண்டார். ஒருவரையேனும் நோய் இரண்டாம் முறை தீண்டவில்லை. அன்று தப்பிப்போய் நோயே காணாதிருந்த முதியவர்களையோ, வயது பாராமல் அது வீழ்த்தியிருந்தது. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்பது நம் பாட்டிமாரும் அறிந்த சங்கதி என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அந்தக் காப்பு, இடையில் நோயின் வாடையே படாத அறுபத்தைந்து ஆண்டுகளும் நிலைத்து நிற்கும் என்று எந்தப் பாட்டியாலும் காட்டியிருக்க முடியாது. அதற்கு ஒரு பாரோ வேண்டியிருந்தது.

தடிப்பு எழும் காலத்திலேதான் நோய் மிகுதியாய்த் தொற்றும் என்று பானும் கருதினார். அது முழுதும் சரியன்று. தடிப்புக்கு நான்கு நாள் முன்னரே தொற்றத் தொடங்குகிறது என்பதை இன்று அறிவோம். ஆயினும் நோயுற்றாரைப் பிரித்து வைத்தும், வரும் கப்பல்களைத் தடுத்து வைத்தும் ஓர் ஊரைக் காக்கலாம் என்ற அவருடைய முடிவுக்கு இதனாற் பழுதில்லை. 1847இல் அவர் அறிக்கை வெளிவந்தது. நோயைப்பற்றி மட்டும் அதில் எழுதியிருப்பார் என்று எண்ணிவிடலாகாது. தீவாரின் வீடு, உடை, உணவு, காற்றில் உலர்த்திய இறைச்சி, வானிலை யாவற்றையும் விரித்துரைத்திருக்கிறார். எனக்கு அப்பகுதிகள் நோய்ப் பகுதியிலும் சுவையானவை.

அறிக்கை அச்சேறியதால் உலகம் அதைக் கைக்கொண்டுவிட்டது என்று கருத வேண்டாம். 1875இல் பிஜித் தீவுகளின் தலைவர் தக்கொம்பாவும் அவர் பரிவாரமும் சிட்னியிலிருந்து பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் ஊர் திரும்பினர். கப்பலிற் சின்னமுத்து இருந்தது. எவரும் தடுத்து வைக்கப்படாமலே கரையிறங்கினர். ஏறத்தாழ 40,000 பிஜியர் இறந்தனர். பானும் அப்போது கொப்பன்ஹேகனிற் பேராசிரியராய் இருந்தார்.

பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். பரிசில் குளோட் பெர்னார் என்னும் பெரியாரிடம் பயின்று, 1853இல் கீல் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். அழுகிய பொருளின் சாற்றைப் பல மணி நேரம் காய்ச்சிய பின்னும் அதன் நஞ்சு அகலாமையை அங்கே காட்டினார். 1864இல், டென்மார்க் போரிலே கீல் நகரை இழந்த ஆண்டில், தாயகம் மீண்டார். 1884இல் கொப்பன்ஹேகனிற் கூடிய உலக வைத்திய மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1885ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். திகதிகளைக்கொண்டு அவர் பின்தொடர்ந்த அந்தக் கிருமியை ஆய்வுகூடத்திற் பிரித்தெடுப்பதற்கு 1954ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.