இரு அப்பிள்களும் ஒரு குழந்தையும்: இப்னுல் ஹைதம் கண்ட பார்வை

மீலாத் தினப் போட்டிகளிலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்கள் அடுக்கப்படும்போது இப்னு சீனா, அல் குவாரிஸ்மி ஆகியோருடன் இப்னுல் ஹைதமின் பெயரும் தவறாது இடம்பெறுவதுண்டு. ஒளியியலின் தந்தை என்ற பட்டத்தைச் சூட்டியதும் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. ஆனால், அவரது பெருநூலின் ஏழு பாகங்களுள் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் ஒளியைக் காட்டிலும் மனித மனத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. மனிதன் எவ்வாறு பார்க்கின்றான், பார்ப்பதற்குக் குழந்தைப் பருவம் முதல் எவ்வாறு பழகுகின்றான் என்பதே அங்கு ஆராயப்படும் பொருள். உளவியல் என்ற தனித்துறை தோன்றுவதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்ட அந்த ஆராய்ச்சி, கல்முனை முதல் பொத்துவில் வரையான எமது கரையோரத்துப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடியது என்பதாலேயே அவரது வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

அபூ அலீ அல் ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைதம் கி.பி. 965 அளவில், அதாவது ஹிஜ்ரி 354 அளவில், ஈராக்கின் பஸ்ரா நகரில் பிறந்தார். அங்கு சிறிது காலம் அரச பதவியில் இருந்ததாகவும், நிர்வாகப் பணியில் மனம் ஒட்டாமல் கணிதத்தையும் தத்துவத்தையும் நாடியதாகவும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவரது வாழ்வின் பெருந்திருப்பம் எகிப்தில் நிகழ்ந்தது. நைல் நதியின் வெள்ளத்தையும் வரட்சியையும் கட்டுப்படுத்த வழியுண்டு என அவர் கூறியது, அப்போது கெய்ரோவில் ஆட்சி செய்த பாத்திமிய கலீபா அல் ஹாகிமின் செவிக்கு எட்டியது. கலீபா அவரை அழைத்து, ஆட்களையும் பொருளையும் கொடுத்துத் தெற்கே அனுப்பிவைத்தார்.

கல்லோயாவை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்ததைக் கண்ட மாவட்டத்தவரான எமக்கு, ஓர் ஆற்றை அடக்குவதென்பது எத்தகைய பணி என்பதை விளக்க வேண்டியதில்லை. அஸ்வான் வரை சென்ற இப்னுல் ஹைதம், வழிநெடுகிலும் பண்டைய எகிப்தியர் எழுப்பிய பிரமாண்டமான கட்டடங்களைக் கண்டார். இத்துணை திறமை படைத்தவர்கள் நைலை மட்டும் கட்டாமல் விட்டிருப்பார்களாயின், அது அக்காலத்தில் இயலாத காரியமாகவே இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். திரும்பிவந்து தமது தோல்வியைக் கலீபாவிடம் ஒப்புக்கொண்டார். அல் ஹாகிமோ எந்நேரத்தில் எவரைத் தண்டிப்பார் என்று சொல்ல முடியாத ஆட்சியாளர். கொடுக்கப்பட்ட பதவியை மறுக்கவும் முடியாமல், ஏற்று நடத்தவும் அஞ்சி, இப்னுல் ஹைதம் பைத்தியம் பிடித்தவராக நடித்தார் என்றும், 1021 இல் கலீபா மறையும் வரை வீட்டுக் காவலில் இருந்தார் என்றும் 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னுல் கிப்தீ எழுதுகின்றார். பைத்திய நடிப்பு பஸ்ராவிலேயே நடந்தது எனக் கூறுவோரும் உண்டு. எப்படியாயினும், கலீபாவின் மறைவுக்குப் பின்னர் அவர் அல் அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகில் தங்கி, யூக்ளிட், தொலமி ஆகியோரின் நூல்களைப் பிரதி செய்து விற்று எளிமையாக வாழ்ந்தார்.

கிதாபுல் மனாஸிர் எனும் அவரது பெருநூல் காவலில் இருந்தபோதே எழுதப்பட்டது எனப் பரவலாகச் சொல்லப்படுகின்றது. அந்நூலின் முதல் மூன்று பாகங்களை 1989 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட எகிப்திய அறிஞர் அப்துல் ஹமீத் ஸப்ராவோ, அது 1028 க்கும் 1038 க்கும் இடையில் எழுதப்பட்டது எனக் கணிக்கின்றார். சிறைக்கதை சுவையானதுதான். ஆயினும், எழுத்துக்கூலியில் வாழ்ந்த அறுபது வயதைக் கடந்த ஒருவர் அந்நூலை எழுதினார் என்பது அதனினும் வியப்புக்குரியது என்பது எமது எண்ணம்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே நாம் பார்க்கின்றோம் என யூக்ளிடும் தொலமியும் நம்பியிருந்தனர். கடுமையான ஒளியை நோக்கினால் கண் நோகின்றதே, கதிர் கண்ணிலிருந்து வெளியேறுவதாயின் அந்நோவு எங்கிருந்து வந்தது என்ற திசையில் இப்னுல் ஹைதமின் சிந்தனை சென்றது. ஒளி பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகின்றது என்பதைச் சோதனைகளோடு நிறுவினார். பலரும் அறிந்த பகுதி இது. அடுத்து அவர் எழுப்பிய கேள்விதான் உளவியலுக்கு உரியது. கண்ணுக்கு வந்து சேர்வன ஒளியும் நிறமும் மாத்திரமே எனில், தூரம், பருமன், வடிவம், அசைவு, அழகு ஆகியவற்றை நாம் எவ்வாறு காண்கின்றோம்?

பார்வைக்குப் புலனாகும் பண்புகள் 22 என அவர் எண்ணிக் கூறினார். அவற்றுள் பெரும்பாலானவை, கண்ணுக்குக் கிடைத்ததை மனம் ஏற்கெனவே அறிந்தவற்றோடு ஒப்பிட்டு முடிவு செய்பவை. இதற்கு அவர் கையாண்ட சொல் கியாஸ். மார்க்கச் சட்டத்தில் அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றைத் தீர்மானிக்கும் முறைக்கு எமது உலமாக்கள் வழங்கும் அதே சொல் அது. மனம் செய்யும் கியாஸ் மின்னல் வேகத்தில் முடிந்துவிடுவதால், அது நடந்ததே எமக்குத் தெரிவதில்லை என்றார்.

இதற்குச் சான்றாகவே அவர் குழந்தையை அழைத்துவருகின்றார். சிறு குழந்தையின் முன் இரு அப்பிள்களை வைத்து, அவற்றுள் ஒன்று மற்றையதிலும் அழகாக இருக்குமாயின், குழந்தை அழகானதையே எடுக்கும். அது இரண்டையும் ஒப்பிட்டது. ஒன்றைச் சிறந்ததெனத் தீர்மானித்தது. ஆனால், ஒப்பிடுதல் என்றால் என்னவென்று அக்குழந்தைக்குத் தெரியாது. வளர்ந்தோரும் ஒவ்வொரு கணமும் இதையேதான் செய்கின்றோம் என்பது அவரது வாதம். இளமையிலேயே பழகிவிட்டமையால், பழகிய காலம் எமது நினைவில் இல்லை.

எழுத்தறிந்த ஒருவர் அப்ஜத் என்ற சொல்லைக் கண்டதும், அலிபையும் பாவையும் தனித்தனியே ஆராயாமல், சொல்லின் முழு உருவைக் கொண்டே அடையாளம் காண்கின்றார். முன்பு காணாத சொல்லாயின் எழுத்தெழுத்தாகவே செல்ல வேண்டியிருக்கின்றது என்பது அவர் தரும் மற்றுமோர் உதாரணம். ஓதப்பள்ளியில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி ஓதத் தொடங்கி, சில மாதங்களில் தடையின்றி ஓதுவதைக் கண்ட எவருக்கும் இது விளங்கும். தூரத்தை அறிவதும் அப்படியே என்றார். இடைப்பட்ட தரையைக் காண முடியாதவாறு ஒரு துவாரத்தின் வழியாக இரு சுவர்களைப் பார்ப்பவர், அவற்றுக்கிடையேயுள்ள தூரத்தைக் கணிக்க மாட்டாமல் தவறுகின்றார் என்பதைச் சோதித்துக் காட்டினார். காலடியில் தொடங்கும் தரையே எமது முதல் அளவுகோல். அதைக் குழந்தை நடந்து நடந்தே பெறுகின்றது.

1860 களில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பார்வை என்பது மனம் அறியாமலே செய்யும் அனுமானம் என எழுதியபோது ஐரோப்பா அதனைப் புதுமையாகக் கொண்டாடியது. இத்தனைக்கும் மனாஸிர் அங்கு இலத்தீனில் படிக்கப்பட்டு, 1572 இல் பாசெல் நகரில் அச்சாகியும் இருந்தது. அதற்காக எல்லாவற்றையும் அவரே கண்டுவிட்டார் எனப் பெருமை பேசுவதும் பொருந்தாது. கண்வில்லையின் முன்புறமே ஒளியை உணர்கின்றது என அவர் தவறாக எண்ணினார். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதைக் கெப்ளர் 1604 இல் விளக்கினார். தொலமியின் பிழைகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதிய இப்னுல் ஹைதம், தமது பிழைகள் திருத்தப்பட்டதையிட்டு வருந்தியிருக்க மாட்டார்.

அவரது கருத்துக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த வலுவான சான்று இந்தியாவிலிருந்து வந்தது. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தின் கீழ், பிறவியிலிருந்தே பார்வையற்றிருந்து சத்திரசிகிச்சையால் கண் திறக்கப்பட்ட 8 முதல் 17 வயது வரையான ஐந்து பிள்ளைகள் சோதிக்கப்பட்டனர். கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் கண்டபோது, அது அதுவேதான் என அவர்களால் உடனே சொல்ல முடியவில்லை. சில நாட்களுக்குள் அத்திறன் வரத் தொடங்கியது. 2011 இல் வெளியான இம்முடிவு, கண் திறப்பது வேறு, காணப் பழகுவது வேறு என்பதைத் தெளிவாக்கியது.

இப்னுல் ஹைதம் அறிந்திராத ஒன்றையும் இன்றைய மருத்துவம் அறியும். இப்பழக்கத்தின் சில பகுதிகளுக்கு வயதெல்லை உண்டு. ஒரு கண் மங்கலாகவோ மாறுகண்ணாகவோ இருக்கும் பிள்ளையின் மூளை, அக்கண் அனுப்புவதைப் புறக்கணிக்கத் தொடங்கிவிடுகின்றது. ஏழு வயதுக்கு முன்னர் கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடியும் பெருமளவு சீராக்கக்கூடிய இக்குறை, பிந்தினால் திருந்துவது அரிதாகின்றது. பிள்ளை முறையிடாது, எல்லோரும் தன்னைப் போலவே காண்கின்றார்கள் என்றே அது எண்ணும். மாறுகண் அதிர்ஷ்டம் எனச் சொல்லி நாட்களைக் கடத்தும் பாட்டிமாரும், கண்ணாடி அணிந்தால் பெண்பிள்ளைக்கு வரன் அமையாது என அஞ்சும் பெற்றோரும் எம்மிடையே இன்னும் உள்ளனர். முதலாம் ஆண்டில் சேர்க்கும் முன்னர் பிள்ளையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிப்பிக்கச் சில நிமிடங்களே போதும்.

இப்னுல் ஹைதம் 1040 அளவில் கெய்ரோவில் காலமானார். மனாஸிரின் பழைய அரபுப் பிரதிகளுள் ஒன்று, ஹிஜ்ரி 476 இல், அவர் பிறந்த பஸ்ராவிலேயே எழுதி முடிக்கப்பட்டது. எழுதியவர் அவரது மருமகன் என நம்பப்படுகின்றது. அப்பிரதி இன்று இஸ்தான்புல்லில் பாதுகாக்கப்பட்டுள்ளது.