மருத்துவப் பேரறிஞர் அர்-ராஸி

பிறர் நோய் தீர்க்கும் மருத்துவர்தம் உடல்நலம் பற்றி எண்ணுவோர் சிலரே. அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸியின் வாழ்க்கை அவ்வெண்ணத்தை நம்முள் எழுப்புகிறது.

கி.பி. 865-ஆம் ஆண்டளவில் பாரசீகத்தின் ரய் நகரில் தோன்றிய இவர், அந்நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராய் விளங்கினார். மாணவர்கள் அவரைச் சூழ்ந்து வட்டம் வட்டமாய் அமர்வர். வரும் நோயாளியை முதலில் வெளிவட்டத்தார் ஆராய்வர். அவர்க்கு விளங்காததை உள்வட்டத்தார் ஆராய்வர். அவர்க்கும் இயலாதபோதே ஆசிரியர் முடிவுரைப்பார். ஏட்டோடு நில்லாமல், நோயாளியிடமிருந்தே கற்கும் கல்வி அது.

மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டோருள் ஒரு சாரார்க்குக் குருதி வடித்தும், மறு சாரார்க்கு வடியாமல் விட்டும் ஒப்பிட்டு நோக்கினார். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனிநூல் இயற்றினார். தாம் பெரிதும் மதித்த கிரேக்க மருத்துவர் கேலனின் கருத்துகளையும் அனுபவத்தால் உரசிப் பார்த்தார். தேர்ந்த மருத்துவராலும் எல்லா நோய்களையும் தீர்த்தல் இயலாது என எழுதவும் அவர் தயங்கவில்லை.

இவ்வுழைப்புக்கு அவர் தந்த விலை பெரிது. ஒரு பெருநூலுக்காகப் 15 ஆண்டுகள் இரவு பகலாக எழுதியதால் பார்வை மங்கிற்று, கைத்தசைகள் தளர்ந்தன. அந்நிலையிலும் பிறரைப் படிக்கவும் எழுதவும் செய்து ஆய்வைத் தொடர்ந்தார். இறுதியில் கண்ணொளி இழந்து, 925-ஆம் ஆண்டளவில் ரய் நகரிலேயே மறைந்தார். அவர்தம் குறிப்புகளை மாணவர்கள் 'அல்-ஹாவி' எனத் தொகுத்தனர். 1279-இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல் ஐரோப்பிய மருத்துவர்க்கும் வழிகாட்டிற்று.

கண்ணைத் தந்து கலை வளர்த்த பெருமகனைப் போற்றும் நாம், இரவு பகல் பாராது நமக்காக உழைக்கும் மருத்துவர்தம் நலனையும் பேணுதல் கடமையன்றோ!