திகில் ஏடுகளைக் காத்த வில்லியம் கெயின்ஸ்

கரையானுக்கு இரையான நூல்கள் உண்டு; தீக்கு இரையான நூல்கள் உண்டு. பேணிவைக்கத் தக்கன அல்ல என்று பெரியோர் எண்ணிய ஒரே காரணத்தால் மறைந்துபோன நூல்களும் உண்டு. 1950களின் முற்பகுதியில் அமெரிக்காவில் வெளிவந்த திகில் சித்திரக்கதை இதழ்கள் இம்மூன்றாம் இனத்தைச் சார்ந்தவை. 10 சென்ட் விலைக்குச் சிறுவர்கள் வாங்கி, மடித்துச் சட்டைக்குள் மறைத்து, கைமாற்றிப் படித்து, கிழிந்தபின் எறிந்துவிட்ட அம்மலிவுத்தாள் இதழ்களுள் நல்ல நிலையில் எஞ்சியவற்றை இன்று சேகரிப்பாளர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். அவை எஞ்சியமைக்குக் காரணமானவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் வில்லியம் கெயின்ஸ். அவ்விதழ்களை வெளியிட்டவரும் அவரே. வெளியிட்டதற்காகப் பழி சுமந்தவரும் அவரே. ஒவ்வோர் இதழிலும் சில பிரதிகளை எவரும் கேளாமலே எடுத்துவைத்தவரும் அவரே.

கெயின்ஸ் 1922ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். தந்தையார் மாக்ஸ் கெயின்ஸ், சித்திரக்கதை இதழ் என்னும் வடிவத்திற்கே வித்திட்டவர்களுள் ஒருவர். செய்தித்தாள்களில் வந்த வேடிக்கைப் படத்தொடர்களைத் தொகுத்து, வணிக நிறுவனங்களின் விளம்பரத்திற்காக இலவசமாக வழங்கிவந்த காலம் அது. மீந்த பிரதிகள் சிலவற்றின்மேல் 10 சென்ட் என்று விலைத்தாள் ஒட்டிக் கடைகளில் வைத்துப் பார்த்தார் மாக்ஸ். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன என்பர். பின்னாளில் அவர் எஜுகேஷனல் காமிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, விவிலியக் கதைகளையும் வரலாற்றையும் அறிவியலையும் படங்களாக வெளியிட்டார். ஆசிரியப் பணி பார்த்த அவருக்கு அது மனத்திற்கு நிறைவளித்த வேலை. வணிகத்தில் மட்டும் நிறைவில்லை.

கண்டிப்பு மிக்க அத்தந்தையின் கண்ணுக்கு மகன் ஒன்றுக்கும் உதவாதவராகவே தோன்றினார். பருத்த உடல், கூச்சம், கைதவறிப் பொருளை உடைக்கும் இயல்பு ஆகியவற்றோடு வளர்ந்த வில்லியம், போர்க்காலத்தில் விமானப் படையில் பணியாற்றித் திரும்பி, வேதியியல் ஆசிரியராகும் நோக்கத்துடன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிளாசிட் ஏரியில் நேர்ந்த படகு விபத்தில் தந்தை இறந்தார். நிறுவனம் 25 வயது மகனின் தலையில் வந்து விழுந்தது. உடன் வந்த கடன் ஏறத்தாழ 1,00,000 டாலர். தாயாரின் வற்புறுத்தலால் அலுவலகத்திற்குச் சென்ற அவர், தொடக்கத்தில் காசோலைகளில் கையெழுத்திடுவதோடு நின்றுகொண்டார். சொந்த நிறுவனத்தின் இதழ்களையே அவர் அதுவரை படித்ததில்லை. படிக்கத் தொடங்கியபின் அவற்றை விட முடியவில்லை.

1948இல் அல் ஃபெல்ட்ஸ்டீன் என்னும் இளம் ஓவியர் வேலை தேடி வந்தார். இருவருக்கும் சிறுவயதில் வானொலியில் கேட்ட பேய்க்கதைகளின் மேல் ஆசை இருந்தது. அதனை அச்சில் தரலாம் என்று துணிந்தனர். 1950இல் மூன்று திகில் இதழ்கள் பிறந்தன. ‘டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்’ (முதல் மூன்று இதழ்கள் ‘தி க்ரிப்ட் ஆஃப் டெரர்’ என்னும் பெயரில் வந்தன), ‘தி வால்ட் ஆஃப் ஹாரர்’, ‘தி ஹான்ட் ஆஃப் ஃபியர்’ என்பன அவை. தந்தை சூட்டிய பெயரில் கல்வியைக் குறித்த சொல் நீங்கி, பொழுதுபோக்கைக் குறிக்கும் ‘என்டர்டெய்னிங்’ என்னும் சொல் அமர்ந்தது. இ.சி. என்னும் சுருக்கம் மட்டும் மாறவில்லை.

இவ்விதழ்களைத் தேடுவோர் முதலில் திகைப்பது எண்வரிசையைக் கண்டுதான். புதிய தலைப்பைத் தொடங்கினால் அஞ்சல் துறைக்குப் புதிதாகக் கட்டணம் செலுத்த வேண்டும். அதனைத் தவிர்க்க, நின்றுபோன பழைய இதழின் எண்ணையே புதிய இதழுக்குத் தொடர்ந்து இடுவது அக்கால வழக்கம். ஆகவே முதலாவது 17ஆம் எண்ணிலும், இரண்டாவது 12ஆம் எண்ணிலும், மூன்றாவது 15ஆம் எண்ணிலும் தொடங்கின. மூன்றாம் இதழோ 17ஐ எட்டியபின் 4ஆம் எண்ணுக்குத் திரும்பியது. முதல் எண்ணைத் தேடி அலைந்து ஏமாந்த சேகரிப்பாளர் எத்தனை பேரோ! மூன்றையும் கூட்டினால் 87 இதழ்கள். அவ்வளவே.

அவை உருவான முறை வியப்பிற்குரியது. உடல் எடையைக் குறைக்க கெயின்ஸ் டெக்ஸெட்ரின் என்னும் மாத்திரையை உண்டுவந்தார். அது உறக்கத்தையும் போக்கியது. இரவெல்லாம் பழைய திகில் கதைகளைப் படித்து, கதைக்கருக்களைத் தாள்துண்டுகளில் குறித்துக்கொண்டு காலையில் வருவார். ஃபெல்ட்ஸ்டீன் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். ஒன்றில் மனம் ஒன்றியதும் அன்றே எழுதி முடிப்பார். நாளுக்கு ஒரு கதை என்பதே அவர்களது கணக்கு. பெரும்பாலான கதைகளில் தீங்கிழைத்தவன் தான் இழைத்த அதே தீங்கால் மடிவான். கொல்லப்பட்டவன் புதைகுழியிலிருந்து எழுந்து வருவான். குருதியையும் அழுகலையும் நீக்கிப் பார்த்தால், அடியில் இருப்பது பாட்டிமார் சொல்லும் நீதிக்கதையின் எலும்புக்கூடுதான்.

கடன் வாங்கிய கதைக்கருக்களில் ஒரு குற்றமும் நேர்ந்தது. 1952இல் ரே பிராட்பரியின் சிறுகதைகள் இரண்டை இணைத்து, அவரது இசைவின்றி ஒரு சித்திரக்கதை வெளியாயிற்று. பிராட்பரி சினந்து எழுதவில்லை. தமக்குரிய 50 டாலர் இன்னும் வந்து சேரவில்லை, மறந்திருக்கக்கூடும் என்று பணிவாக நினைவூட்டினார். கெயின்ஸ் பணத்தை உடனே அனுப்பினார். அதன்பின் பிராட்பரியின் பெயரை அட்டையிலேயே அறிவித்து, முறையான இசைவுடன் அவருடைய கதைகள் பல இ.சி. இதழ்களில் இடம்பெற்றன.

ஓவியர்களைப் பெயரற்ற கூலியாட்களாக நடத்திய தொழிலில் கெயின்ஸ் வேறுபட்டு நின்றார். ஜானி கிரெய்க், ஜாக் டேவிஸ், கிரஹாம் இங்கெல்ஸ், வாலி வுட் முதலியோர் தத்தம் பாணியில் வரைந்து, தம் பெயரை ஒப்பமிட்டனர். அவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் படத்துடன் இதழ்களில் வந்தன. படத்தைக் கொடுத்த கையோடு காசோலை கிடைத்தது. கோட்டைக் கண்டே ஓவியரை இனங்காணும் சிறுவர் கூட்டம் ஒன்று இதனால் உருவாயிற்று. 1953இல் அவர்களுக்கென ஒரு வாசகர் மன்றமும் ஏற்பட்டது. அச்சிறுவர்களுள் சிலரே பிற்காலத்தில் இவ்விதழ்களின் சேகரிப்பாளர் ஆயினர்.

ஆனால் அதற்குள் தீ மூண்டுவிட்டது. 1948இலேயே நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனிலும், மேற்கு வர்ஜினியாவின் ஸ்பென்சரிலும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே சித்திரக்கதை இதழ்களைத் திரட்டி எரித்தனர். 1954இல் உளநோய் மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம், சிறார் குற்றங்களுக்கு இவ்விதழ்களே காரணம் என்று வாதிடும் நூலை வெளியிட்டார். வெர்தாமைத் தீயவராகக் காட்டுவது எளிது, நேர்மையாகாது. ஹார்லெமில் கறுப்பின மக்களுக்கென 1946இல் மருத்துவமனை தொடங்கியவர் அவர். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த வழக்கிற்கும் அவர் ஆய்வு துணைநின்றது. எனினும் சித்திரக்கதை பற்றிய அவர் நூலில் சிறாரின் கூற்றுகள் பல திரிக்கப்பட்டிருந்தன என்பதை, அவருடைய தாள்களை ஆராய்ந்த கரோல் டில்லி 2012இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. கெயின்ஸ் அதனை அறிய உயிருடன் இல்லை.

சிறார் குற்றங்களை ஆராய்ந்த செனட் துணைக்குழு 1954 ஏப்ரல் 21ஆம் நாள் நியூயார்க்கில் கூடியபோது, கெயின்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சியம் அளித்தார். பிற பதிப்பாளர் பலர் ஒதுங்கியிருந்த வேளையில் இது துணிவுதான். விவேகமா என்பது வேறு. முந்தைய இரவு கண்விழித்து உரையை எழுதியிருந்தார். வெர்தாம் பேசி முடித்தபின் அவர் முறை வந்தது. அதற்குள் மாத்திரையின் வேகம் தணிந்து, உடல் தளர்ந்திருந்தது. செனட்டர் கெஃபாவர், கோடரியும் துண்டிக்கப்பட்ட பெண்ணின் தலையும் வரையப்பட்ட ஓர் அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனைக்கு உரியதா என வினவினார். திகில் இதழின் அட்டை என்ற அளவில் உரியதே என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்துக் கழுத்திலிருந்து குருதி சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் அது ரசனைக் கேடு என்றும் விளக்கினார். உண்மையில் கிரெய்க் முதலில் வரைந்த கொடுமையான அட்டையைத் திருத்தச் சொன்னவரே அவர்தான். அந்நினைவில் சொன்ன மறுமொழி, அவையில் கொடூரமாக ஒலித்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் அது செய்தியாயிற்று.

தணிக்கையை எதிர்க்கப் பதிப்பாளர்களை ஒன்றுகூட்டியவரும் கெயின்ஸே. கூடியவர்களோ தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டனர். 1954 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அவ்விதி, தலைப்பில் திகில், அச்சம் என்று பொருள்படும் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்னும் சொற்களையே விலக்கியது. நடமாடும் பிணம், பிணந்தின்னிப் பேய், இரத்தக் காட்டேரி எதுவும் கதைக்குள் வரலாகாது என்றது. சொற்களை எண்ணி எண்ணிக் கையாளும் கவிஞர்கள், இரு சொற்களைத் தடைசெய்து ஓர் இலக்கிய வகையையே அழித்த இந்நிகழ்வைக் கருதிப் பார்த்தல் வேண்டும். கெயின்ஸ் செப்டம்பரிலேயே திகில் இதழ்களை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார். புதிதாகத் தொடங்கிய இதழ்களின் கட்டுகளையும் விற்பனையாளர்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பினர். வேறு வழியின்றி அவரும் விதிக்கு உட்பட்டார்.

உட்பட்டபின் நேர்ந்த ஒரு மோதலே அவர் வாழ்வின் உயர்ந்த தருணம் எனலாம். நிறத்தால் பிளவுபட்ட எந்திர மனிதர்களின் உலகம் ஒன்றைப் பூமியிலிருந்து சென்ற ஒருவர் ஆராய்கிறார். பிளவு நீங்கும்வரை அவ்வுலகம் அண்டக் குடியரசில் சேரத் தகுதியற்றது எனத் தீர்ப்பளிக்கிறார். இறுதிப் படத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்ற, கறுப்பின மனிதரின் முகம் தெரிகிறது, வியர்வைத் துளிகள் விண்மீன்களென ஒளிர. ஜோ ஒர்லாண்டோ வரைந்து 1953இல் வெளியான இக்கதையை மறுபடி அச்சிட முயன்றபோது, தணிக்கை அதிகாரியான மர்ஃபி, அம்மனிதர் கறுப்பராக இருத்தலாகாது என்றார். அவர் நிறம்தானே கதை! ஃபெல்ட்ஸ்டீன் பின்னாளில் தெரிவித்தபடி, செய்தியாளர்களைக் கூட்டி இதனை வெளிப்படுத்துவேன் என்று கெயின்ஸ் மிரட்டினார். பின்வாங்கிய அதிகாரி, வியர்வைத் துளிகளையாவது நீக்குமாறு கேட்டார். அதற்கும் கெயின்ஸ் இசையவில்லை. ஒரு துளியும் குறையாமல் அக்கதை 1956ஆம் ஆண்டின் தொடக்க இதழில் வெளிவந்தது. இ.சி. வெளியிட்ட கடைசிச் சித்திரக்கதை இதழ் அதுவே.

எஞ்சியது ஹார்வி கர்ட்ஸ்மேன் 1952இல் தொடங்கிய ‘மேட்’ என்னும் நகைச்சுவை இதழ் ஒன்றுதான். 1955இல் அது பெரிய அளவுப் பத்திரிகையாக மாறியதால் தணிக்கை விதியின் எல்லைக்கு வெளியே சென்றது. 1970களின் முற்பகுதியில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கெயின்ஸ் 1961இல் நிறுவனத்தை விற்றபின்னும் அதன் பதிப்பாளராகவே நீடித்தார். அலுவலகத் தொலைபேசிச் செலவில் காசு காசாகக் கணக்குப் பார்த்த அதே மனிதர், 1960இல் ஊழியர் அனைவரையும் ஹைத்தித் தீவுக்கு அழைத்துச் சென்றார். அந்நாட்டில் இருந்த ஒரே சந்தாதாரர் சந்தாவைப் புதுப்பிக்காததால், அவர் வீட்டு வாசலுக்கே சென்று புதுப்பிக்கும் சீட்டை நீட்டினர்.

கெயின்ஸ் இயல்பிலேயே சேர்த்துவைப்பவர். சுதந்திர தேவி சிலையின் சிறு உருவங்களைத் திரட்டினார். வான்கப்பல் மாதிரிகளை அறையின் கூரையில் தொங்கவிட்டார். அரிய மது வகைகளைத் தேடித் தேடி வாங்கினார். இவ்வியல்பே திகில் இதழ்களையும் காத்தது. அச்சானதும் மூல ஓவியங்களை வெட்டி எறிவதும் எரிப்பதும் அக்காலப் பதிப்பாளரின் பொது வழக்கம். கெயின்ஸ் ஏறத்தாழ எல்லாவற்றையும் கட்டி வைத்தார். இதழ்களிலும் ஒவ்வோர் எண்ணிலும் ஒரு டஜன் அளவுக்குப் புத்தம்புதிய பிரதிகளைப் பொதிந்து ஒதுக்கினார். இதழ்கள் நின்று, கடன் பெருகி, ஊர் தூற்றிய ஆண்டுகளிலும் அப்பொதிகளை அவர் தூக்கி எறியவில்லை.

அதன் அருமை தாளின் தன்மையை அறிந்தோர்க்கே விளங்கும். மரக்கூழை அரைத்துச் செய்த செய்தித்தாள் வகையில் லிக்னின் என்னும் பொருள் நீங்காமல் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, பழுப்பாகி, விரல் பட்டாலே நொறுங்கும். ஈரம் சேர்ந்தால் நடுவில் தைத்த கம்பி துருவேறித் தாளில் கறை படியும். சிறுவர் கைகளுக்கும், வீட்டைத் துப்புரவு செய்த தாய்மார்க்கும், எரித்த ஊரார்க்கும் தப்பிய பிரதிகளையும் இவ்வேதியியல் விடுவதில்லை. வேதியியல் ஆசிரியராக விரும்பியவரின் பொதிகளில் இருட்டில் இறுக்கமாகக் கிடந்த பிரதிகள் மட்டும் பெரும்பாலும் வெண்மை மாறாமல் இருந்தன.

சிறுவயதில் இ.சி. இதழ்களில் தோய்ந்து, பின்னர் இயற்பியல் பேராசிரியரான ரஸ் காக்ரன், 1970களில் கெயின்ஸை அணுகினார். மூல ஓவியங்களிலிருந்தே படமெடுத்து இதழ்கள் முழுவதும் கெட்டி அட்டைத் தொகுதிகளாக வெளிவந்தன. படமெடுத்தபின் ஓவியங்கள் ஏலத்தில் சேகரிப்பாளர்களைச் சென்றடைந்தன. பின்னர்ப் பொதிகளும் பிரிக்கப்பட்டன. கெயின்ஸ் கோப்புப் பிரதி என்னும் சான்றிதழுடன் அவை விற்கப்பட்டன. இன்றும் அப்பெயர் சேகரிப்பாளரிடையே தரத்தின் அடையாளம்.

இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது. வரைந்த ஓவியர்களிடம் ஓவியமும் இல்லை, உரிமையும் இல்லை. இரண்டும் கெயின்ஸிடமே இருந்தன. ஓவியர்களை மதித்தவர் என்ற பெயருக்கு இது ஒரு கறை. அவர் திருப்பிக் கொடுத்திருந்தால் அவை இல்லந்தோறும் சிதறி அழிந்திருக்கும் என்று வாதிடுவோர் உளர். இருக்கலாம், அவ்வாறு அழிக்கும் உரிமையும் வரைந்தவனுக்கு உரியதன்றோ?

1972இல் பிரிட்டனிலும் 1989இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் அக்கதைகள் மீண்டும் உயிர்பெற்றதைக் கண்டபின், 1992 ஜூன் 3ஆம் நாள் தம் 70ஆம் வயதில் கெயின்ஸ் நியூயார்க்கில் காலமானார். அவர் எதிர்த்த தணிக்கை முத்திரையைக் கடைசியாகப் பயன்படுத்திவந்த இரு நிறுவனங்களும் 2011இல் அதனைக் கைவிட்டன.