எட்டுக் கலங்களை உறைய வைத்த வைத்தியர்

1978 ஒக்டோபர் 3ஆம் திகதி கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்க்கா பூஜைக் காலம் என்பதால் துர்க்கா என்றே அழைக்கப்பட்டது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது எழுபது நாட்கள்தான் ஆகியிருந்தன. துர்க்காவின் பிறப்புக்குக் காரணமானவர் வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாய்.

1931இல் ஹசாரிபாக்கில் பிறந்த அவர், கல்கத்தாவில் மருத்துவம் படித்தார். உடற்றொழிலியலில் ஒரு கலாநிதிப் பட்டத்தைக் கல்கத்தாவிலும், ஓமோன்கள் தொடர்பாக இன்னொன்றை 1967இல் எடின்பரோவிலும் பெற்றார். வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம், ஆனால் ஊர் திரும்பினார்.

அவருடைய சாதனையை விளங்கிக்கொள்ள மனித முளையத்தின் முதல் நாட்களைப் பார்க்க வேண்டும். கருக்கட்டிய முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிகிறது. அதுவரை கலங்கள் பெரிதும் ஒன்றுபோலவே இருக்கும். எது எதுவாகும் என்பது இன்னும் முடிவாகியிராது. பின்னர் அவை நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஐந்தாம் நாளளவில் வெளிப்புறக் கலங்கள் நஞ்சுக்கொடியாகும் வழியிலும், உள்ளே திரண்ட கலங்கள் குழந்தையாகும் வழியிலும் பிரிந்து செல்கின்றன.

அந்தப் பிரிவுக்கு முந்திய எட்டுக் கல நிலையில்தான் முகோபாத்யாய் முளையத்தை நிறுத்திவைத்தார். ஓமோன் கொடுத்துப் பல முட்டைகளை முதிரச் செய்தால், அதே மாதத்தில் கருப்பையின் உட்சுவர் முளையத்தை ஏற்கத் தகுந்த நிலையில் இல்லாமல் போகலாம். எனவே முளையத்தைத் திரவ நைதரசனில் உறையவைத்து, 53 நாட்களின் பின், இயல்பான ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையில் வைத்தார். குளிரில் நீர் பனிப்பளிங்காகிக் கலங்களைக் கிழித்துவிடாதிருக்க ஒரு பாதுகாப்புத் திரவத்தையும் சேர்த்தார். குளிர் உயிரியலாளர் சுனித் முகர்ஜியும், மகப்பேற்று வைத்தியர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருக்குத் துணை நின்றனர். இங்கிலாந்துக் குழுவினர்கூட உறைய வைக்காத முளையத்தையே பயன்படுத்தியிருந்தனர்.

மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் வானொலி இயற்பியல் பேராசிரியர். உறுப்பினர்களில் இத்துறையில் அனுபவமுள்ளவர் எவருமில்லை. சமூகத்தின் பேச்சுக்கு அஞ்சிய பெற்றோர் வெளியே வரத் தயங்கினர். குழு அவருடைய கூற்றை நம்ப மறுத்தது. ஜப்பானில் தன் ஆய்வை விளக்கக் கிடைத்த அழைப்புக்கும் அரசு அனுமதி தரவில்லை. இறுதியில், இனப்பெருக்க ஆய்வுக்கே வாய்ப்பில்லாத கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19ஆம் திகதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது ஐம்பது.

உறையவைத்த முளையத்திலிருந்து அவுஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது 1984இல்தான். 1986இல் மும்பாயில் பிறந்த குழந்தை இந்தியாவின் முதலாவது என அறிவிக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்த விஞ்ஞானி ஆனந்த் குமார், பின்னாளில் முகோபாத்யாயின் குறிப்புகளை வாசித்தார். தனக்கிருந்த பெருமையைத் தானே விட்டுக்கொடுத்து, முதன்மை முகோபாத்யாய்க்கே உரியது என 1997இல் எழுதினார். துர்க்காவும் தன் இருபத்தைந்தாவது வயதில் வெளியே வந்து பேசினார்.

இன்று பல்லேபொல போன்ற ஊரிலிருந்து பிள்ளை வரம் தேடி நகரத்து வைத்தியசாலைக்குச் செல்லும் தம்பதியிடம் முளையத்தை உறையவைப்பது பற்றி வைத்தியர் சாதாரணமாகவே பேசுவார். 1978இல் அதைச் செய்துகாட்டியவர், செய்ததை நிரூபிக்கும் வாய்ப்புக்கூடக் கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார்.