மீட்ட குழந்தையை எங்கே அனுப்புவது? அவ்வை இல்லம் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து பெசன்ட் அவென்யூ வழியா அடையாறு பக்கம் வந்தால் அவ்வை இல்லம் இருக்கும். அந்த வழியில் தினமும் போகும் பலருக்கு அது ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். ஆனால் ஆபத்தில் இருக்கும் ஒரு குழந்தையை மீட்டாச்சு, அடுத்து எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குப் பதிலாக உருவானது அது. தொடங்கியவர் ஒரு டாக்டர்.

யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இவர் சேர எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார்.

சட்டமன்றத்தில் ஒரு டாக்டர்

சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, 1927-ல் அதன் துணைத் தலைவரானார். இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று இவரைச் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். அதிகம் பேசப்படாதது, பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் அங்கே வலியுறுத்தியது.

இது ஏன் முக்கியம்? வீட்டுக்குள் நடக்கும் கொடுமையைக் குழந்தை வாய் திறந்து சொல்லாது. உடம்பில் இருக்கும் தழும்பையும், மெலிவையும், நோயையும் முதலில் பார்க்கும் வெளி ஆள் பல நேரம் டாக்டராகத்தான் இருப்பார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தையும் அவர் இந்தக் கண்ணோடுதான் பார்த்தார். விவரம் தெரியாத வயதில் சிறுமியைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிறார்கள், பிறகு பால்வினை நோய் உள்ளிட்ட ஆபத்துகளை அவள் சுமக்கிறாள் என்பது அவர் வாதம். 1929-ல் அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. 1930-ல் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களும் எதிர்த்தார்கள். வாழ்வாதாரமும் கலையும் பறிபோகுமே என்ற அவர்களின் பயத்தை வெறும் பிடிவாதம்னு ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தனக்கு என்ன நடக்கிறது என்றே புரியாத சிறுமியின் பக்கம் யார் நிற்பது என்ற கேள்வியும் அப்படியேதான் இருந்தது.

கதவைத் தட்டிய சிறுமிகள்

சிக்கல் அதன் பிறகுதான். அந்தச் சூழலிலிருந்து தப்பித்து வந்த சிறுமிகள் இவரிடம் அடைக்கலம் கேட்டார்கள். விடுதிகளில் சேர்க்கப் பார்த்தார். தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகள் என்றதும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் பேசியாச்சு, பிள்ளையும் வெளியே வந்தாச்சு, சேர்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் அதுவே அவ்வை இல்லமாக ஆனது, பின்னர் அடையாறுக்கு வந்தது. தங்க இடம், சாப்பாடு, படிப்பு, தொழில் எல்லாம் அங்கேயே. சாதியோ, தாய் யார் என்பதோ தடையில்லை. பாதுகாப்பும் மருத்துவமும் ஒரே கூரைக்குக் கீழ் வேண்டும் என்பதை ஒரு டாக்டர் உணர்ந்ததில் ஆச்சரியமில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

இன்று நடைமுறை என்ன?

2012 போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் புகார் தர வேண்டும். டாக்டருக்கும் ஆசிரியருக்கும் விலக்கு கிடையாது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டது சிறுமி என்றால் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு வரும் குழந்தையிடம் காவல்துறைக் கடிதம், நீதிமன்ற உத்தரவு என்று எதையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது. அதாவது, முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு.

அதன் பிறகு மனநல ஆலோசனைக்கும், தேவைப்பட்டால் காப்பகத்துக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பும் சீட்டை எழுதுவது சுலபம். சீட்டோடு போன குழந்தை அங்கே போய்ச் சேர்ந்ததா, அடுத்த தடவை வந்ததா என்று விசாரிப்பதில்தான் கவனம் தேவை. அவ்வை இல்லம் பிறந்ததே அப்படி ஒரு இடைவெளியில்தான்.

குழந்தை ஆபத்தில் இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தாலே 1098-க்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் கட்டணமில்லை.